ஒன்பதாம் ரீல்

அட்டனில் ஆறு மணிக் காட்சி, தலவாக்கலையில் ஏழரை.
இரண்டு கொட்டகைக்கும் படம் ஒன்றே.
நடுவே கிடந்த பதினோரு மைல் நான்.
ரீல்பெட்டியைப் பின்னால் கட்டி, மழைக்குப் படங்கு போர்த்தி
கொட்டகலை வளைவுகளில்
பாதிக் கதையோடு போவேன்.
மீதிப் பாதி எனக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

எதில் என்ன என்று கைக்கே தெரியும்.
நாலில் பாட்டு. ஏழில் கார் விபத்து.
ஒன்பதில் நீலாயதாட்சி சாவாள்.

படத்துக்குப் படம் வேறு வீடு, வேறு வியாதி,
ரீல் மட்டும் பெரும்பாலும் அதுதான்.
காசம், பாம்பு, மாடிப்படி,
மகன்மேல் பாய வந்த குண்டு,
ஒருமுறை வெறும் தந்தி.
இடைவேளையில் வாங்கிய கச்சான் தீர்வதற்குள்
யாராவது அவள் தலையை மடியில் எடுத்திருப்பார்கள்.

எழுத்துப் போடும்போது
'மற்றும்' என்ற சொல்லுக்குப் பிறகுதான் வருவாள்.
பெயர் நீளம்; எங்கள் திரை சின்னது.
கடைசி எழுத்து சுவரில் விழும்.
பத்தொன்பது வயதில் முதல் நரை வைத்தார்களாம்,
முகப்பவுடரும் தேங்காயெண்ணெயும் குழைத்து.
அம்மா என்று காலில் விழுந்த கதாநாயகர்
அவளைவிட ஒன்பது வயது மூத்தவர்.
சினிமாப் புத்தகத்தில் படித்தேன், கால் பக்கம்.
மிச்ச முக்காலும் சவர்க்கார விளம்பரம்.

மாமியாராக அவள் மருமகளுக்குச் சூடு வைத்த மாதம்
திரையில் வெற்றிலை எச்சில் காயவில்லை.
துடைத்தவனும் நான்தான்.
அடுத்த மாதம் அதே முகம் கஞ்சி காய்ச்சி ஊட்டியது.
துப்பியவர்களே மூக்கைச் சிந்தினார்கள்.

அறுபத்தாறு, ஐப்பசி, ஒரு வெள்ளிக்கிழமை.
டெவன் அருவிக்கு மேலே சில்லு வழுக்கியது.
எனக்கு முழங்கை போனது, பெட்டிக்கு மூடி.
ஆறு ரீலில் ஐந்தைப் பொறுக்கினேன்.
ஒன்பது மட்டும் தேயிலைக்குள்
உருண்டு உருண்டு
சத்தம் நின்றபோது எவ்வளவு கீழே என்று தெரியவில்லை.

அன்று தலவாக்கலையில்
எட்டில் இருமினாள்,
பத்தில் மாலை போட்ட படமாகத் தொங்கினாள்.
கலரியில் சீட்டி.
"அடேய், இப்பதானே தண்ணி கேட்டுச்சு!"
காசைத் திருப்பிக் கேட்டார்கள்.
சாவைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள்,
அறுபத்தைந்து சதம் கொடுத்து.
முதலாளி என் சம்பளத்தில் பத்து ரூபாய் வெட்டினார்.

மறுநாள் தேடினேன். அதற்கு மறுநாளும்.
மூன்றாம் நாள் கொட்டகைப் பின்கதவில்
கொழுந்துக் கூடையோடு ஒருத்தி.
பேர் சீரங்காயி, பதினாலாம் நம்பர் மலை.
கம்பளிக்குள்ளிருந்து ரீலை எடுத்தாள், ஈரம் படாமல்.

"முந்தாநாளே கெடச்சிருச்சுங்க.
வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்தேன்.
கட்டில்ல அந்தம்மா, நகத்தளவு.
எத்தன படத்துலதான் சாவும்?
ரெண்டு நாளைக்காவது இருக்கட்டும்னு
லயத்துல வச்சிருந்தேன்.
வாரேன், நேரமானா பேர் போட மாட்டாங்க."

பத்து ரூபாய் தொண்டைக்குள் நின்றது.
ஏசுவதற்கு வாயைத் திறந்தேன்.
அவள் அதற்குள் படியிறங்கிவிட்டாள்.

அன்றிரவு ஒன்பதை மாட்டினோம்.
ஒழுங்காகச் செத்தாள்.
மண் உரசிய இடத்தில்
கட்டிலுக்குள்ளும் மழை பெய்தது.
கொடுத்த காசுக்குக் கலரி அழுதது.
பெண்கள் பக்கம் எட்டிப் பார்த்தேன்,
சீரங்காயி இல்லை.

எழுபத்திரண்டில் அவள் குடும்பம் கப்பலேறியதாகக் கேள்வி.
நீலாயதாட்சி போனது எழுபத்தொன்பதில்.
பேப்பரில் மூன்று வரி,
நூற்றுப் பதினெட்டுப் படம் என்று கணக்கு,
பக்கத்தில் யாரோ ஒருத்தியின் புகைப்படம்.

லயத்தில் எங்கே வைத்திருந்தாளோ,
அடுப்புக்கு மேல் பரணிலோ, அரிசிப் பெட்டியிலோ,
கேட்காமல் விட்டுவிட்டேன்.
அந்தப் பிரிண்ட் கொழும்புக்குத் திரும்பும்வரை
ஒன்பதைத் திறந்தால் மட்டும்
விறகுப் புகை வாசம் வந்தது.